தமிழை வச்சே இங்கிலீஷ் கிராமர் சொல்லித்தர்ற ஈவ்னிங் கிளாஸ்: மூணு மாசம் போயிட்டு வந்து எழுதுறேன்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஒன்பது வருஷமா மெர்ச்சன்டைசரா, அதாவது ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கிற ஆளா இருக்கேன். எங்க வேலைல பாதி மெயில்தான், காலைல உக்காந்தா ராத்திரி வரைக்கும் பையருக்கு (ஆர்டர் தர்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கு), நூல்காரங்களுக்கு, டையிங்குக்கு, ஷிப்பிங்குக்குன்னு எழுதிக்கிட்டே இருக்கணும். இங்கிலீஷ் வராதுன்னு இல்ல, வரும், ஆனா தப்போட வரும். அந்தத் தப்பு எவ்வளவு தூரம் போகும்னு போன வருஷம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இந்த கிளாஸ்ல போய் சேர்ந்ததுக்கும் அதுதான் காரணம், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு டீ ஷர்ட் ஸ்டைலுக்கு பையர் கலரை நேவில இருந்து பிளாக்குக்கு மாத்தியிருந்தாங்க. பிளாக்குக்கு லேப் டிப், அதாவது கலர் பாக்க சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு அனுப்பினோம், ஷேட் கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கே, பாத்து சொல்லுங்கன்னு கேட்டு மெயில் வந்துச்சு. நான் கிளம்புற அவசரத்துல "வீ வில் ரிவர்ட் ஆன் தி கலர் டுமாரோ"ன்னு ஒரே வரி போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். நான் நினைச்சது, கலரைப் பத்தி நாளைக்கு பதில் சொல்றோம். அவங்க படிச்சது, கலரை நாளைக்கு பழையபடி நேவிக்கே திருப்பிடறோம். ரிவர்ட்னா இங்க நம்ம ஆபீஸ்கள்ல எல்லாருக்கும் "பதில் சொல்றது"தான், ஆனா அந்த வார்த்தைக்கு மத்த ஊர்ல இருக்கிற அர்த்தம் முன்ன இருந்த நிலைக்கே திரும்பப் போறது. மறுநாள் காலைல அங்க இருந்து ஆர்டரையே ஹோல்ட் பண்ணச் சொல்லி மெயில், எங்க முதலாளிக்கு ஃபோன், சாயத்துக்குப் போக வேண்டிய துணி ரெண்டு நாள் அப்படியே கிடந்துச்சு. விளக்கி எழுதின பிறகு சரியாயிடுச்சுதான், ஆனா அந்த ரெண்டு நாள் எனக்கு சாப்பாடு இறங்கல.

அதுக்கப்புறம் முதல்ல போய் சேர்ந்தது ஒரு பெரிய இன்ஸ்டிட்யூட்ல. பேர் வேண்டாம். ஏசி ரூம், கலர் கலரா புக்கு, கோட்டு போட்ட சார். உள்ள வந்துட்டா ஒரு வார்த்தை தமிழ் பேசக்கூடாது, பேசினா பத்து ரூபா ஃபைன். "திங்க் இன் இங்கிலீஷ்"னு தினமும் சொல்வாங்க. எப்படி திங்க் பண்றதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. என் கூட படிச்ச பொண்ணு ஒண்ணு, சந்தேகம் கேக்க வார்த்தை வராமலே ஒரு மாசம் வாயைத் திறக்காம உக்காந்துட்டு போச்சு. நான் ஒன்றரை மாசத்துல நின்னுட்டேன், கட்டின காசு திரும்ப வரல.

இப்ப சொல்லப் போற கிளாஸ் அதுக்கு நேர் எதிர். அவிநாசி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு வீட்டு மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரெண்டு ஃபேன், ஒரு கரும்பலகை, பிளாஸ்டிக் சேர் பதினாறு. டீச்சர் எய்டட் ஸ்கூல்ல முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. வாரத்துல ரெண்டு நாள், சாயங்காலம் ஏழுல இருந்து எட்டரை, மாசம் ஆயிரத்து இருநூறு ரூபா, மொத்தம் மூணு மாசம். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் அக்கா சொல்லித்தான் போனேன். எங்க பேட்ச்ல காலேஜ் பசங்க நாலு பேர், என்னை மாதிரி மெர்ச்சன்டைசர் மூணு பேர், பிரிண்டிங் யூனிட் வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர், பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லித்தரணும்னு வர்ற ஒரு அக்கா, இப்படி கலந்து கட்டி பன்னெண்டு பேர்.

முதல் நாள் டீச்சர் கரும்பலகைல இங்கிலீஷே எழுதல. "நான் போனேன், நான் போகல" இந்த ரெண்டையும் எழுதிட்டு, "கண்ணு, இதுல காலம் எங்க இருக்குன்னு சொல்லு"ன்னாங்க. போனேன்ல இருக்கு, இறந்த காலம். போகலல? யாருக்கும் சொல்லத் தெரியல. போக, இல்ல. அவ்ளோதான். "போனேன் இல்ல"ன்னு நம்ம வீட்ல சின்னக் குழந்தை கூட சொல்லாது, இல்லைன்னு வந்துட்டா வினைச்சொல்லு மொட்டையாயிடும். அப்பதான் பக்கத்துல "டிட் நாட் கோ"ன்னு எழுதினாங்க. அங்கயும் அதே கதை, டிட் வந்துட்டா பின்னாடி வர்றது மொட்டையாத்தான் நிக்கணும், "டிட் நாட் வென்ட்"னு சொன்னா அது "போனேன் இல்ல"ன்னு சொல்ற மாதிரி. நான் ஒன்பது வருஷமா "வீ டிட் நாட் ரிசீவ்டு தி பேமென்ட்"னு எழுதிட்டு இருந்தவ. அந்த ஒரு நிமிஷத்துக்கப்புறம் இன்னிவரைக்கும் அந்தத் தப்பு என் கை எழுதல, கை போனா கூட காது கூசுது.

இதுதான் இந்த கிளாஸோட விஷயமே. நம்ம தப்புல முக்கால்வாசி தமிழ்ல இருந்துதான் வருது, அதனால அதைப் பிடிக்க வேண்டிய இடமும் தமிழ்தான்னு டீச்சர் நம்புறாங்க. தமிழை மறந்துட்டு வான்னு சொல்ற இடத்துக்கும், தமிழ்ல நீ எப்படி சொல்வேன்னு கேக்குற இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ரெண்டு இடத்துலயும் உக்காந்து பாத்தவ நான், அதனால தைரியமா சொல்றேன்.

"ஐ ஆம் ஹேவிங் எ கார்" எடுத்துக்கோங்க. இது தப்புன்னு எல்லா புக்குலயும் இருக்கு, ஆனா நம்ம ஏன் அப்படி சொல்றோம்னு ஒருத்தரும் சொன்னதில்ல. தமிழ்ல கார் வச்சிருக்கேன்னு சொல்றோம், அந்த "இருக்கேன்" காதுல விழுந்த உடனே ஆம் போட்டு ஐஎன்ஜி போட்டுடறோம், சாப்பிட்டுட்டு இருக்கேன்ல வர்ற இருக்கேனும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சு. ரெண்டும் வேற வேற. சாப்பிட்டுட்டு இருக்கேன்னா நடந்துக்கிட்டே இருக்குற வேலை, வச்சிருக்கேன்னா நிலைமை. "கார் வச்சுக்கிட்டு இருக்கேன்"னு சும்மா யாராவது சொல்வாங்களா? அதே மாதிரி "ஐ ஆம் நோயிங் ஹிம்"னு எழுதத் தோணுச்சுன்னா "எனக்கு அவனைத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு"ன்னு ஒரு தடவை வாய் விட்டு சொல்லிப் பாரு, உனக்கே சிரிப்பு வரும்னாங்க. வந்துச்சு.

சின்ஸ், ஃபார் குழப்பம் எனக்கு ஸ்கூல்ல இருந்தே உண்டு. சார் ஸ்கூல்ல பாயிண்ட் ஆஃப் டைம், பீரியட் ஆஃப் டைம்னு சொல்லித்தந்தாரு, பரீட்சைக்கு எழுதினேன், மறந்தேன். இங்க டீச்சர் சொன்னது: தமிழ்ல "லருந்து" வந்தா சின்ஸ், வார்த்தை கடைசில "ஆ" வந்தா ஃபார். 2019லருந்து, சின்ஸ். அஞ்சு வருஷமா, ஃபார். திங்கக்கிழமைலருந்து, சின்ஸ். மூணு மணி நேரமா, ஃபார். முடிஞ்சுது. இதுல ஒரு பொறி மட்டும் இருக்கு, அதையும் காட்டிட்டுத்தான் விட்டாங்க. தமிழ்ல "அஞ்சு வருஷமா இங்க வேலை பாக்கறேன்"னு நிகழ்காலத்துலயே சொல்லிடுவோம், இங்கிலீஷ்ல அது நடக்காது, "ஹேவ் பீன் வொர்க்கிங்"னு போகணும். இந்த இடத்துல தமிழ் காலை வாரும்னு ஓப்பனா சொன்னாங்க. எங்க தமிழ் உதவும், எங்க வாரும்னு ரெண்டையும் பிரிச்சு காட்டுறதுதான் அவங்க கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது.

எங்க தொழிலுக்கு ரொம்ப உதவினது பை, டில் வித்தியாசம். "வீ வில் சென்ட் தி சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே"ன்னு நாங்க எல்லாருமே எழுதுவோம். அதுக்கு அர்த்தம் வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருப்போம்னு. நம்ம சொல்ல வர்றது வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுவோம்னு, அது பை ஃப்ரைடே. வரைக்கும்னா டில், குள்ளன்னா பை. தமிழ்ல இந்த ரெண்டையும் நாம ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்ல பாருங்க, "வெள்ளிக்கிழமை வரைக்கும் சாம்பிள் அனுப்பறேன்"னு யாரும் சொல்ல மாட்டோம், இங்கிலீஷ்ல மட்டும் எப்படியோ ஒண்ணாயிடுச்சு. டெலிவரி டேட் போட்டு மெயில் எழுதுற எல்லாரும் இதை ஒண்ணையாவது எழுதி டேபிள்ல ஒட்டி வைக்கலாம்.

அப்புறம் அந்த மேல போடுற கமா, அப்பாஸ்ட்ரஃபி. இட்ஸ்ல போடணுமா வேண்டாமாங்கிறது இங்கிலீஷையே தாய்மொழியா பேசுறவங்களுக்கே குழப்பம்தான். டீச்சர் வழி ரொம்ப லேசு: அதை தமிழாக்கிப் பாரு, "அதோட"ன்னு வந்தா கமா கிடையாது, வெறும் "அது"ன்னு வந்தா கமா உண்டு. துணியும் அதோட ஷேடும், கமா வேண்டாம். அது ரெடி, கமா போடு. இதே அளவுகோல் யுவர் குழப்பத்துக்கும் ஒத்து வருது, "உங்க"ன்னா ஒய் ஓ யூ ஆர், "நீங்க"ன்னா கமா போட்டு ஆர் இ. யாரோட, யாருன்னு ஹூஸுக்கும் அப்படியே. தேர்னே சத்தம் வர்ற மூணு இங்கிலீஷ் வார்த்தைக்கும் அவங்களோட, அங்க, அவங்கன்னு மூணு தமிழ் வார்த்தை, மூணும் வேற வேற, குழம்பவே வழியில்ல. இங்கிலீஷ்காரங்களுக்கு மூணும் ஒரே சத்தம், அதனால அவங்க தடுமாறுறாங்க. நமக்கு கைல தமிழ் இருக்கு, எதுக்குத் தடுமாறணும்னு கேட்டாங்க. ஹிஸ், ஹர் மாதிரி சொந்தத்தைக் காட்டுற சொல்லு எதுக்குமே கமா கிடையாது, இட்ஸும் அந்தக் குடும்பம்தான்னு காரணமும் சேத்து சொன்னாங்க. கூடவே ஒரு பழைய விஷயம், 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளோட முதல் பதிப்புல இட்ஸ்ங்கிற சொல்லே கிடையாதாம், அஃறிணைக்கும் ஹிஸ்தான் பெரும்பாலும் போட்டிருக்காங்க. இட்ஸ் அப்பதான் புழக்கத்துக்கு வந்துட்டிருந்த புதுசு. அதுக்கப்புறமும் ரொம்ப காலம் சொந்தத்தைக் காட்டுற இட்ஸுக்கே கமா போட்டு எழுதினவங்க நிறைய பேர். அதைக் கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு, நம்ம மட்டும் மக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்த பிரிண்டிங் அண்ணன் முகத்துலயும் அன்னிக்குத்தான் தெளிவு பாத்தேன்.

லூஸ் குழப்பம் கார்மெண்ட்ஸ்ல தினமும் வரும், தொளதொளன்னு இருக்குற லூஸா, தொலைக்கிற லூஸான்னு. "தொளதொளல தொள ரெண்டு தடவை வருதில்ல, அப்ப ஓவும் ரெண்டு போடு. தொலைச்சா ஒண்ணு போயிடும், ஓவும் ஒண்ணுதான்." இதை கேட்டவங்க யாரும் மறக்க முடியாது. அஃபெக்ட், எஃபெக்ட்டுக்கு பாதிக்குது, பாதிப்பு. முதல்ல வர்றது வினை, ஏ. ரெண்டாவது பெயர், இ. அட்வைஸும் அப்படித்தான், சொல்றதுன்னா எஸ், சொன்ன விஷயம்னா சி. இது நூத்துக்கு நூறு எல்லா இடத்துக்கும் பொருந்தாது, எஃபெக்டே வினையா வர்ற இடமும் உண்டு, ஆனா அதை இப்ப மண்டைல ஏத்திக்காதீங்கன்னாங்க. அது எனக்கு சரின்னு பட்டுச்சு.

ஏ, ஆன் போடுறதுக்கு ஒரு வழி சொன்னாங்க பாருங்க, எனக்கு கை தட்டணும் போல இருந்துச்சு. வார்த்தையை தமிழ்ல எழுதிப் பாரு, உயிர் எழுத்துல ஆரம்பிச்சா ஆன், உயிர்மெய்ல ஆரம்பிச்சா ஏ. அவர்னு எழுதுறோம், மணி நேரத்தை, அ உயிர், அப்ப ஆன் அவர், முன்னாடி ஹெச் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். யூனிவர்சிட்டின்னு எழுதுறோம், யூ உயிர்மெய், அப்ப ஏ யூனிவர்சிட்டி. எங்க தொழில்ல எஸ், எம், எல், எக்ஸ்எல் சைஸ் எல்லாமே எகரத்துல ஆரம்பிக்குது, அதனால ஆன் எம் சைஸ், ஆன் எக்ஸ்எல். யூ நெக்னா ஏ. நான் எப்பவும் "ஆன் யூரோப்பியன் பையர்"னு எழுதுவேன், முதல் எழுத்து இ ஆச்சேன்னு. யூரோப்பியன்னு தமிழ்ல எழுதினதும் தப்பு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. காலேஜ் பையன் ஒருத்தன் உடனே "ஒன்னு ஒகரத்துல தான டீச்சர் எழுதறோம், அப்ப ஆன் ஒன் ருபீ காயின்னு வருமா"ன்னு மடக்கினான். டீச்சர் கோவப்படல, நல்லா கேட்ட கண்ணுன்னுட்டு, அதை வாயால சொல்றப்ப வகரம்தான் வருது, வன்னு எழுதிப் பாருன்னாங்க. எழுத்து இல்ல, சத்தம்தான் கணக்கு, தமிழ் எழுத்து அந்த சத்தத்தை காட்டுற கண்ணாடி மட்டும்தான்னு புரிஞ்சுது.

பையருக்கு பின்னாடி வர்ற எஸ்ஸை நாங்க எல்லாரும் விட்டுடுவோம், "தி பையர் வான்ட் டூ ஷேட்ஸ்"னு. தமிழ்ல போறான், போறா, போறாரு, போறாங்க, போகுதுன்னு ஆளுக்கொரு விகுதி போட்டு பேசுறவங்க நாம, இங்கிலீஷ்ல மிச்சம் இருக்குறதே அந்த ஒரு எஸ்தான், அதை ஏன் விடறோம்? டீச்சர் சொன்ன காரணம் எனக்கு புதுசு. நாம பையர் சொல்றாங்க, பையர் கேக்கறாங்கன்னு மரியாதைக்கு பன்மைல பேசறோம், மனசுல பன்மை ஓடுறதால எஸ் விழுந்துடுது. முதலாளி சொல்றாங்க, டாக்டர் வர்றாங்கன்னு எங்கெல்லாம் மரியாதை இருக்கோ அங்கெல்லாம் எஸ்ஸை விட்டிருக்கேன்னு என் பழைய மெயிலை எடுத்துப் பாத்தப்ப தெரிஞ்சுது. மரியாதை மனசுல இருக்கட்டும் எஸ்ஸும் இருக்கட்டும்னாங்க.

ரைஸ், ரெய்ஸ் பிரச்சனைக்கு தன்வினை பிறவினையை எடுத்தாங்க, பத்தாம் கிளாஸ்ல மார்க்குக்குப் படிச்சதோட சரி, அதுக்கு வாழ்க்கைல உபயோகம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல. எழுறது ரைஸ், எழுப்புறது ரெய்ஸ். விலை தானா ஏறிச்சுன்னா ரைஸ், நாம ஏத்தினா ரெய்ஸ். படுத்துக்கிறது லை, படுக்க வைக்கிறது லே. கடைசி ஜோடி கொஞ்சம் மோசமானது, லையோட இறந்த காலமும் லேன்னே வந்து நிக்கும், அதை மட்டும் மனப்பாடம்தான் பண்ணணும், வேற வழி இல்ல.

"டிஸ்கஸ் அபவுட்" வேண்டாம், அபவுட் நம்ம "பத்தி"ல இருந்து வர்றது, டிஸ்கஸுக்குள்ளயே அது அடங்கியிருக்கு. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" இல்ல ஃப்ரெண்ட்ஸ், தமிழ்லயும் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன்னுதான சொல்றோம். "எஸ்டர்டே ஒன்லி" நேத்துதான்ல இருந்து வந்தது, தமிழ்ல தான் பின்னாடி ஒட்டும், இங்கிலீஷ்ல ஒன்லி முன்னாடி நிக்கும். டோல்டுன்னா யார்கிட்டன்னு ஆள் வேணும், ஆள் இல்லாட்டி செட். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் எல்லாம் அரிசி மாதிரி, அரிசிகள்னு சொல்றதில்ல, அதனால இதுக்கும் எஸ் கிடையாது. இதெல்லாம் ஒரே நாள்ல முடிச்சிட்டாங்க, நானும் வேகமா சொல்லிட்டுப் போறேன்.

ஒரு நாள் முழுக்க கீழ போடுற சாதா கமாவுக்கே போச்சு. அன்னிக்கு சொன்னது அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட்னு ஒரு பால் கம்பெனி கேஸ். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு அந்த மாநில சட்டத்துல ஒரு பட்டியல் இருந்துச்சு, அதோட கடைசில "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்"னு வரும், ஷிப்மென்ட்டுக்கு பின்னாடி கமா கிடையாது. டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலையா, இல்ல டிஸ்ட்ரிபியூஷனுக்காக பேக் பண்றதா? ஓவர்டைம் கேட்டு கேஸ் போட்ட டிரைவர்கள் சரக்கைக் கொண்டு போய் சேர்க்கிறவங்க, பேக் பண்றவங்க இல்ல. தனி வேலைன்னா அவங்களுக்கு ஓவர்டைம் இல்ல, பேக்கிங்கைப் பத்தினதுன்னா உண்டு. 2017ல அப்பீல் கோர்ட், வாக்கியம் தெளிவா இல்ல, அதனால டிரைவர்கள் பக்கம்தான் எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு, 2018ல கம்பெனி அம்பது லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணிச்சு. பேக்கிங், ஷிப்மென்ட்னு தினமும் எழுதுற எங்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் எங்க பேக்கிங் இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட்டை எடுத்து ஒவ்வொரு வரியா கமா பாத்தேன், ரெண்டு இடத்துல பாலிபேக் விஷயமே ரெண்டு விதமா படிக்கலாம் போல இருந்துச்சு, மாத்திட்டேன்.

எல்லாத்தையும் தப்பு தப்புன்னு சொல்ற ஆளு இல்ல அவங்க, அதையும் சொல்லணும். ப்ரிபோன் வேண்டாமான்னு நான் கேட்டேன். அது ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரிலயே இருக்கு, நம்ம ஊர்ல தாராளமா சொல்லு, வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதுறப்ப மட்டும் முன்கூட்டியே வச்சுக்கலாம்னு வேற வார்த்தைல எழுது, ஏன்னா அவங்கள்ல பல பேருக்கு அது தெரியாதுன்னாங்க. வேண்டியதைச் செய்யுங்கன்னு நாம எழுதுற "டூ தி நீட்ஃபுல்" பழைய பிரிட்டிஷ்காரங்க எழுதினதுதான், அவங்க விட்டுட்டாங்க நாம விடல. லெஸ், ஃப்யூவர் விஷயத்துலயும் அப்படித்தான், எண்ணக்கூடியதுக்கு ஃப்யூவர், எண்ண முடியாததுக்கு லெஸ், மெயில்ல அப்படியே எழுதிடு, ஆனா இது 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் எனக்கு இப்படி இருந்தா நல்லா இருக்கும்னு சொன்ன கருத்துல இருந்து வளந்த ரூல், வேதவாக்கு இல்லன்னாங்க. இங்கிலாந்துல டெஸ்கோ கடைல பில் போடுற கவுண்ட்டர்ல "டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்"னு போட்டிருந்த போர்டுக்கு ஆளாளுக்கு குறை சொல்லி, 2008ல "அப் டு டென் ஐட்டம்ஸ்"னு மாத்திட்டாங்களாம். சண்டை வர்ற வார்த்தையையே எடுத்துட்டு வேற மாதிரி எழுதிட்டாங்க பாரு, சந்தேகம் வந்தா நீயும் அதையே பண்ணுன்னாங்க. ரிவர்ட்டுக்கு நான் இப்ப அதைத்தான் பண்றேன், ரிப்ளைன்னு எழுதிட்டுப் போயிடறேன்.

சரி, குறைகள். இருக்கு. முதல் குறை தி. ஏ, ஆன் அவ்வளவு அழகா சொன்னவங்க, தி எங்க போடணும் எங்க விடணும்ங்கிறதுக்கு ஒரே ஒரு கிளாஸ்தான் ஒதுக்கினாங்க, பத்தவே இல்ல. தமிழ்ல அதுக்கு சமமா ஒண்ணும் இல்ல, அதனால அவங்க வழி அங்க நின்னு போயிடுது. அதே மாதிரி அட், இன், ஆன். நமக்கு ஸ்டாப்லயும் "ல"தான், பஸ்லயும் "ல"தான், திருப்பூர்லயும் "ல"தான், அந்த ஒரு "ல" அங்க மூணா உடையுது. எழுந்து நடக்க முடிஞ்சா ஆன் தி பஸ், முடியாட்டி இன் தி கார்னு ஒரு வழி சொன்னாங்க, அது சரி, ஆனா மத்ததுக்கெல்லாம் படிச்சுப் படிச்சு காதுல ஏறணும் கண்ணுன்னு விட்டுட்டாங்க. உண்மையா இருக்கலாம், ஆனாலும் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

ரெண்டாவது, பேசுற பயிற்சி கிடையாது. ஸ்போக்கன் இங்கிலீஷ்னு நினைச்சு போனா ஏமாந்துடுவீங்க, இது முழுக்க எழுதுறதுக்கான கிளாஸ். கரெக்‌ஷன் மட்டும் வேற லெவல், வாரம் ஒரு தடவை நம்ம நிஜ மெயில் ஒண்ணை பேர், கம்பெனி எல்லாம் அடிச்சுட்டு கொண்டு போனா சிவப்பு மைல திருத்தி, பக்கத்துலயே "எந்தத் தமிழ்ல இருந்து வந்துச்சு"ன்னு எழுதித் தருவாங்க. என்கிட்ட அப்படி பதினோரு காகிதம் இருக்கு, ஃபைல் போட்டு வச்சிருக்கேன். முதல் காகிதத்துல இருபத்தி மூணு சிவப்பு, கடைசில நாலு, அந்த நாலுல மூணு தி.

வெயில் காலத்துல அந்த மாடி தாங்காது, ஏப்ரல்ல சேராதீங்க. வண்டி நிறுத்த இடம் குறைவு, ஆறே முக்காலுக்கு போயிட்டா கேட்டுக்குள்ள விடலாம். ஷிப்மென்ட் நெருக்கடில கிளாஸ் விட்டுட்டா அடுத்த பேட்ச்ல அதே பாடம் வர்றப்ப வந்து உக்காந்துக்கலாம், காசு வாங்குறதில்ல. நோட்ஸ் ஜெராக்ஸ் தர மாட்டாங்க, கைல எழுதித்தான் ஆகணும்.

யாருக்கு சரி வரும்? ஆபீஸ்ல மெயில் எழுதுறவங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இங்கிலீஷ்னாலே தோளைக் குறுக்கிக்கிறவங்க, கண்ணை மூடிட்டு சேரலாம். வீட்ல இங்கிலீஷே பேசி வளந்த பசங்களுக்கு இந்தத் தமிழ் வழி எவ்வளவு ஒட்டும்னு சந்தேகம், எங்க பேட்ச்ல அப்படி ஒரு பையன் இருந்தான், தன்வினை பிறவினை வந்த அன்னிக்கு முழிச்சுக்கிட்டு இருந்தான், அப்புறம் அவனுக்கு நாங்க தமிழ் சொல்லிக்கொடுத்தோம். அஞ்சுக்கு நாலரை தர்றேன், அந்த அரை தி-க்காக.

போன வாரம் டீச்சருக்கு ஃபோன் பண்ணி இந்தக் குறையை நேராவே சொன்னேன். "நீ சொல்றதுக்கு முன்னாடியே நாலு பேரு சொல்லிட்டாங்க கண்ணு"ன்னாங்க. அடுத்த மாசத்துல இருந்து சனிக்கிழமை காலைல தி-க்கும் அட், இன், ஆனுக்கும் மட்டும் தனியா ஆறு கிளாஸ் போடுறாங்களாம், பழைய ஆளுகளுக்கு அறுநூறு ரூபா. நான் பேர் கொடுத்துட்டேன், அக்கவுண்ட்ஸ் அக்காவும் வர்றாங்க.